கிரைண்டர் டிஸ்க் அப்பளமாகச் சுருள்கிறது: பின்னால் இருக்கும் அந்த "ஃபைபர்" உண்மையில் என்ன?

அம்பத்தூர்_ஃபேப் · நவம்பர் 11, இரவு 9:20

வணக்கம். அம்பத்தூரில் சின்னதாக ஒரு ஷெட் வைத்து கேட், கிரில், தண்ணீர்த் தொட்டி ஸ்டாண்ட் செய்கிறேன். ஆடி மாதம் விலை குறைவாகக் கிடைத்தது என்று வெல்டு தேய்க்கும் 4 இன்ச் ஃபைபர் டிஸ்க் 200 வாங்கிப் போட்டேன். இரண்டு வாரமாக விடாத மழை. நேற்று ஒரு கட்டைப் பிரித்தால் பொரித்த அப்பளம் மாதிரி எல்லாம் சுருண்டு கிடக்கிறது. மணல் ஒட்டிய பக்கம் உள்ளே, பழுப்பு அட்டைப் பக்கம் வெளியே. ஊறுகாய் வைக்கலாம், அப்படி ஒரு கிண்ணம்.

வாங்கின கடையில் கேட்டேன். "அது வல்கனைஸ்டு ஃபைபர், ரப்பர் சாதி, தண்ணீர் ஒன்றும் செய்யாது, நீங்கள் வைத்த விதம் சரியில்லை" என்றார். ரப்பர் என்றால் இப்படி ஏன் சுருள வேண்டும்? இதை நிமிர்த்த வழி உண்டா? இல்லை, 200 டிஸ்க்கும் குப்பைதானா?

---

வைண்டிங்கடை · நவம்பர் 11, இரவு 10:05

தம்பி, முதலில் ஒன்று. சுருண்ட டிஸ்கைக் கிரைண்டரில் மாட்டாதே. 4 இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று ஓடுகிறது. கணக்குப் போட்டுப் பார், டிஸ்க் விளிம்பு விநாடிக்கு 57 மீட்டர் போகிறது, மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். கிண்ணத்தின் விளிம்பு ஏதாவது ஒரு மூலையில் மாட்டினால் கிழிந்து முகத்துக்கு வரும்.

இரண்டாவது, அது ரப்பர் இல்லை. காகிதம். நான் கோயம்புத்தூரில் 31 வருஷமாக மோட்டார் காயில் கட்டுகிறேன், ஸ்லாட்டுக்குள் (கம்பி உட்காரும் பள்ளம்) வைக்கும் லெதராய்டு பேப்பரும் அதே இனம்தான். தடிமனும் நிறமும்தான் வேறு. மழை மாதத்தில் லெதராய்டு சுருளைத் தரையில் வைத்தால் எங்களுக்கும் இதே தலைவலி.

---

கெமிஸ்ட்ரி_90 · நவம்பர் 11, இரவு 10:41

ஐயா மன்னிக்கவும். வல்கனைசேஷன் என்றாலே ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்குவது. குட்இயர், 1839, பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ரப்பரும் கந்தகமும் இல்லாமல் "வல்கனைஸ்டு" என்று எப்படிச் சொல்வார்கள்? காகிதத்தோடு ரப்பர் கலந்த பலகையாக இருக்கும். கடைக்காரர் பாதி சரி.

---

துத்தநாகம் · நவம்பர் 11, இரவு 11:30

கடைக்காரர் பாதி கூட இல்லை. அந்தப் பொருளில் ரப்பரும் கிடையாது, கந்தகமும் கிடையாது. பெயர் மட்டும் அந்தக் காலத்து மோகத்தில் வந்தது. ரப்பர் வல்கனைசேஷன் உலகத்தையே புரட்டிப் போட்டிருந்த நேரத்தில், மெத்தென்று இருக்கும் ஒன்றைக் கெட்டிப்படுத்தினால் எதற்கும் அந்தப் பெயர் வைக்கத் தோன்றியிருக்கிறது.

1859-ல் தாமஸ் டெய்லர் என்ற ஆங்கிலேயர் பிரிட்டனில் காப்புரிமை எடுத்தார். துத்தநாகக் குளோரைடுக் கரைசலில் காகிதத்தை நனைத்தால் நார்களின் மேற்பரப்பு கூழாகிறது, அந்த நிலையில் அடுக்கடுக்காக அழுத்தினால் பசையே இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது என்பதுதான் கண்டுபிடிப்பு. 1871-ல் அமெரிக்காவிலும் காப்புரிமை. 1873-ல் வல்கனைஸ்டு ஃபைபர் கம்பெனி என்றே ஒரு நிறுவனம் பதிவாகி, டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டனில் தயாரிப்பு தொடங்கியது. அப்புறம் நீண்ட காலம் அந்தச் சுற்றுவட்டாரம்தான் இந்தத் தொழிலுக்குத் தாய்வீடு.

கந்தக அமிலத்தில் காகிதத்தை முக்கி எடுத்தால் கிடைக்கும் பார்ச்மென்ட் தாள் இதற்குப் பங்காளி. அங்கே அமிலம் செய்யும் வேலையை இங்கே துத்தநாக உப்பு செய்கிறது. வேலை முடிந்ததும் உப்பைக் கழுவி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது கிட்டத்தட்ட வெறும் செல்லுலோஸ்.

---

கானாடுகாத்தான் · நவம்பர் 12, காலை 6:50

ரப்பரா காகிதமா என்ற வழக்குக்கு எங்கள் வீட்டில் சாட்சி இருக்கிறது. ஐயா (அப்பாவின் அப்பா) பினாங்கிலிருந்து கொண்டுவந்த ஃபைபர் சூட்கேஸ் இரண்டு. பழுப்பு நிறம், மூலையில் தோல் வைத்துக் குமிழ் ஆணி அடித்தது. கப்பல், ரயில், மாட்டு வண்டி எல்லாவற்றிலும் அடிபட்டும் ஒரு விரிசல் இல்லை என்று ஆத்தா பெருமையாகச் சொல்வார்கள்.

மேல்மாடியில் வைத்த பெட்டி இன்றும் அப்படியே இருக்கிறது. கீழே பத்தாயம் பக்கத்தில் வைத்த பெட்டியைப் போன வருஷம் எடுத்தால் கையில் வந்தது கைப்பிடி, பூட்டு, ஆணிகள், அந்த மூலைத் தோல். மற்றதெல்லாம் கரையான் சாப்பிட்டுவிட்டது. கரையானுக்கு எது காகிதம் என்று தெரியாதா?

---

கெமிஸ்ட்ரி_90 · நவம்பர் 12, காலை 7:15

சரி, கரையானிடம் தோற்றுவிட்டேன். 😀

---

துத்தநாகம் · நவம்பர் 12, காலை 8:02

கானாடுகாத்தான், அந்தப் பெட்டியைப் பத்திரமாக வைத்திருங்கள். இதே பலகையில்தான் குளோப்-டிராட்டர் பெட்டிகளும் செய்கிறார்கள். 1897-ல் ஜெர்மனியின் சாக்சனியில் தொடங்கி, அப்புறம் இங்கிலாந்துக்குப் போன நிறுவனம். இன்றைக்கும் பல அடுக்குக் காகிதத்தை ஒன்றாக்கிய அதே பலகையில்தான் பெட்டி. விலை கேட்டால் மயக்கம் வரும்.

அலுமினியத்தில் பாதி எடை, தோல் மாதிரி அடி தாங்கும், வெந்நீரில் ஊறவைத்தால் மூலை வளைக்கலாம், காய்ந்ததும் அந்த வடிவத்திலேயே நிற்கும். பெட்டிக்கு வேறு என்ன வேண்டும்?

---

நார்த்_ரைன் · நவம்பர் 12, பிற்பகல் 2:10

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப இருக்கிறது ஜெர்மனியில். வுப்பர்டால் பக்கம் இந்த ஃபைபர் தொழில் பழையது. அப்படி ஒரு தொழிற்சாலையில் கொஞ்சக் காலம் வேலை செய்தேன், கழுவும் பகுதியில். அதனால் கண்டதைச் சொல்லலாம்.

உள்ளே போகும் காகிதம் எழுதுகிற தாள் மாதிரி இராது. மை ஒற்றுற தாள் மாதிரி, தொட்டவுடன் உறிஞ்ச வேண்டும். பஞ்சுக் காகிதம், அல்லது மரக்கூழ்க் காகிதம். பல சுருள்களிலிருந்து ஒரே நேரத்தில் இழுத்து, சூடான, செறிவு கூடின துத்தநாகக் குளோரைடுத் தொட்டிக்குள்ளால் விடுவார்கள். பாகு மாதிரி கனத்த திரவம் அது. வெளியே வரும்போது எல்லாத் தாளும் ஒன்றாகச் சேர்ந்து, சூடான உருளையில் அழுந்தி ஒரு பலகையாகிவிடும். எத்தனை தாள் போனது என்று பிறகு நகத்தால் பிரிக்கவும் ஏலாது.

அதுவரைக்கும் சில நிமிட வேலை. அதற்குப் பிறகுதான் பொறுமை. பலகைக்குள் இருக்கிற உப்பை வெளியே எடுக்க வேண்டும். நேரே நல்ல தண்ணீரில் போட்டால் உள்ளே உப்பு, வெளியே தண்ணீர், தண்ணீர் அவசரமாக உள்ளே ஏறிப் பலகை கொப்புளிக்கும், அடுக்குப் பிரியும். அதனால் முதல் தொட்டியிலும் குளோரைடுதான், கொஞ்சம் வீரியம் குறைவு. அடுத்தது இன்னும் குறைவு. இப்படி இறங்கி இறங்கிக் கடைசியில் வெறும் தண்ணீர். மெல்லிய தாள் கெதியாக முடியும். தடித்த பலகைக்கு வாரக்கணக்கு, மிகத் தடித்ததற்கு மாதக்கணக்கு. இன்று தொட்டியில் இறக்கின பலகையை லீவு முடிந்து வந்தும் அதே தொட்டி வரிசையில் பார்த்திருக்கிறேன்.

ஈரமாக இருக்கும்போது கையில் தூக்கினால் பதனிடாத ஆட்டுத்தோல் மாதிரி இருக்கும். வழுக்கும், கனக்கும், மடியும். காய வைத்தால் சுருங்கும், நெளியும். பிறகு அழுத்தி, உருட்டி மட்டப்படுத்துவார்கள். தம்பியின் டிஸ்க் சுருண்டது எனக்கு ஆச்சரியமே இல்லை. இந்தச் சாமான் பிறந்த நாளிலிருந்து தண்ணீரோடு இழுபறிதான்.

---

அம்பத்தூர்_ஃபேப் · நவம்பர் 12, மாலை 6:33

நார்த்_ரைன் அண்ணா, கடையில் அட்டை என்று நினைத்துத் தூக்கிப் போடுகிற ஒன்றுக்குப் பின்னால் இவ்வளவு வேலையா! நன்றி.

ஆனால் ஏன் மணல் பக்கமாகவே சுருள்கிறது?

---

வைண்டிங்கடை · நவம்பர் 12, இரவு 7:20

ஃபைபர் பக்கம் ஈரத்தைக் குடித்து விரிகிறது. மணல் பக்கம் ரெசின் பூச்சு, அது குடிக்காது, விரியாது. இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. விரிகிற பக்கம் வெளிவளைவாகத்தானே போகும்? சப்பாத்தி ஒரு பக்கம் மட்டும் வெந்தால் எழும்புகிற கதைதான்.

---

கத்தார்_வெல்டர் · நவம்பர் 12, இரவு 8:44

எங்களுக்கு நேர்மாறு. சைட் ஸ்டோர் ஒரு கன்டெய்னர், இருபத்துநாலு மணி நேரமும் ஏசி. டிஸ்க் எல்லாம் ஃபைபர் பக்கமாக, குடை மாதிரி வளையும். மணல் பக்கம் வெளியே புடைத்து நிற்கும். இப்போதுதான் புரிகிறது, ஏசி ஈரத்தை உறிஞ்சி ஃபைபர் சுருங்குகிறது.

ரொம்பக் காய்ந்தால் இன்னொன்றும் நடக்கும். டிஸ்க் மொறுமொறுவென்று ஆகி, கையால் வளைத்தாலே நடுத் துளையிலிருந்து கோடு விடும். அதைத் தப்பித் தவறியும் மாட்டக் கூடாது. எங்கள் சேஃப்டி ஆள் அதற்கென்றே ஒரு சிவப்பு வாளி வைத்திருக்கிறார்.

டிஸ்க் பெட்டியில் போட்டிருப்பதைப் படியுங்கள். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 18 முதல் 22 டிகிரி, ஈரப்பதம் 45 முதல் 65 சதவீதம். சிமென்ட் தரையிலும் சுவரை ஒட்டியும் வைக்கக் கூடாது. மட்டமாகப் படுக்க வைக்க வேண்டும்.

---

அம்பத்தூர்_ஃபேப் · நவம்பர் 12, இரவு 9:01

சென்னையில் நவம்பரில் 65 சதவீதமா? 😭 என் ஷெட்டில் சுவரே வேர்க்கிறது.

---

புது_டெக் · நவம்பர் 12, இரவு 10:15

இதெல்லாம் 19-ஆம் நூற்றாண்டுச் சாமான். பாலியெஸ்டர், நைலான், கிளாஸ் எபாக்ஸி எல்லாம் வந்த பிறகும் தண்ணீர் குடிக்கிற காகிதத்தைக் கட்டிக்கொண்டு அழுவானேன்? எல்லாவற்றுக்கும் ஹைலம் ஷீட் (ஃபீனால் ரெசின் பலகை) போட்டால் முடிந்தது. பொருளாதாரம் தெரியாதவர்கள் பழசை விடமாட்டார்கள்.

---

கம்பிமேல்_காக்கை · நவம்பர் 13, காலை 5:55

புது_டெக் நண்பரே, "எல்லாவற்றுக்கும் ஹைலம்" என்று நினைத்த ஒருவர் செய்த வேலையை நான் கண்ணால் பார்த்தேன். சொல்கிறேன்.

நான் மின் விநியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். 11 கே.வி. கம்பத்தில் டிரான்ஸ்ஃபார்மருக்கு மேலே மூன்று குழாய்கள் சாய்வாகத் தொங்குமே, டி.ஓ. (டிராப்-அவுட்) ஃப்யூஸ், அதன் குழாயை எங்கள் ஆட்கள் பேரல் என்பார்கள். கோளாறு வந்தால் வேட்டுச் சத்தம் ஒன்று கேட்கும், குழாய் மேல் பிடியிலிருந்து விடுபட்டுத் தலைகீழாகத் தொங்கும். கீழே நின்று பார்த்தாலே எந்த ஃபேஸ் போனது என்று தெரிந்துவிடும்.

அந்த வேட்டு எப்படி வருகிறது தெரியுமா? குழாயின் வெளி உடல் கண்ணாடி நாராக இருக்கலாம், உள் பூச்சு இந்த வல்கனைஸ்டு ஃபைபர். ஃப்யூஸ் கம்பி உருகியதும் இரண்டு முனைக்கும் நடுவில் ஆர்க் எரிகிறது. அந்தச் சூட்டில் ஃபைபரின் உள்பரப்பு கொஞ்சம் சிதைந்து நீராவியும் ஹைட்ரஜன் மிகுந்த வாயுவுமாகக் கிளம்புகிறது. குறுகிய குழாய்க்குள் அந்த வாயு அழுத்தம் பெற்று, எரிகிற ஆர்க்கைக் குழாய் வாய் வழியாக ஊதித் தள்ளுகிறது. மாறுதிசை (ஏசி) மின்னோட்டம் ஒவ்வொரு அரைச் சுற்றிலும் சுழியைத் தொடும் அல்லவா, அந்தக் கணத்தில் ஆர்க் அணைந்தால் மறுபடி பற்ற விடாமல் வாயு இடத்தைக் குளிர்த்து வைத்திருக்கிறது. தன்னையே கொஞ்சம் எரித்துக்கொண்டு நெருப்பை அணைக்கிறது.

ஒவ்வொரு வேட்டுக்கும் உள்துளை ஒரு மயிரிழை பெரிதாகும். அதனால்தான் பழைய பேரலை மாற்ற வேண்டும்.

ஒரு தனியார் ஆலையில் சொந்த டிரான்ஸ்ஃபார்மர். பேரல் கிடைக்கவில்லை என்று யாரோ ஹைலம் குழாயைக் கடைசலில் பிடித்து உள்ளே சொருகிவிட்டார்கள். பார்க்க அச்சு அசல். ஆறு மாதம் ஒன்றும் நடக்கவில்லை, ஃப்யூஸ் போக வேண்டிய வேளையே வரவில்லை. ஒரு நாள் கேபிள் முனையில் ஷார்ட். ஆர்க் அணையவில்லை. ஹைலத்தில் இருப்பது ஃபீனால் ரெசின். அது கருகினால் மேலே கார்பன் கோடு விழும், கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். அணைக்க வேண்டிய குழாயே ஆர்க்குக்குப் பாதை போட்டுக் கொடுத்தது. நாங்கள் போனபோது பேரல் இருந்த இடத்தில் உருகிய பித்தளைச் சொட்டும் விரிந்த கரித்துண்டும்தான். நல்லவேளை, ஆள் சேதம் இல்லை.

தண்ணீர் குடிப்பது இந்தப் பொருளின் குறை, ஒத்துக்கொள்கிறேன். ஆர்க்கில் நல்ல வாயு விடுவதும் கார்பன் கோடு எளிதில் போடாததும் அதே செல்லுலோஸ் குணத்தால்தான். ஒன்றை மட்டும் பிரித்து எடுத்துக்கொள்ள முடியாது.

---

வைண்டிங்கடை · நவம்பர் 13, காலை 7:30

காக்கை சாருக்கு ஒரு சலாம்.

ஆனால் புது_டெக் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, என் தொழிலில். நான் கற்றுக்கொண்ட காலத்தில் ஸ்லாட்டுக்கு லெதராய்டு மட்டும்தான். 7 மில், 10 மில் (ஒரு மில் என்றால் இன்ச்சில் ஆயிரத்தில் ஒன்று) என்று கேட்டு வாங்குவோம். ஓரத்தைக் காலர் மாதிரி மடித்து ஸ்லாட்டில் இறக்கினால் நகராது, மடிப்பில் கிழியாது, கம்பியைத் தட்டி இறக்கும்போது ஸ்லாட் விளிம்பு அறுக்காது. வார்னிஷையும் நன்றாகக் குடிக்கும். மடிப்பு நிற்பதில் இன்றைக்கும் அதை எதுவும் அடிக்க முடியாது. மிலினெக்ஸ் (பாலியெஸ்டர் பிலிம்) மட்டும் போட்டால் மடித்தது விறைத்துக்கொண்டு எழும்பும்.

சூடுதான் அதற்கு எதிரி. வார்னிஷ் ஏறாத காகிதத்துக்கு 90 டிகிரிதான் கணக்கு, வார்னிஷ் குடித்தால் 105. இன்றைக்கு மோட்டார் சிறிதாகிவிட்டது, சூடு அதிகம், அதனால் மிலினெக்ஸ் சேர்த்து ஒட்டிய தாளோ இன்னும் உயர்ந்த ரகமோ போட வேண்டியிருக்கிறது. தடுப்புக்குத் தடுப்பு, மடிப்புக்கு மடிப்பு என்று லெதராய்டையும் பிலிமையும் ஒட்டி விற்கிற தாளும் வருகிறது.

என் பிழை ஒன்று. 2005 மழையில் அவசரமாக ஒரு 5 எச்.பி. மோனோபிளாக் பம்பு மோட்டார் கட்டினேன். பேப்பர் சுருள் ஜன்னல் ஓரம் இருந்தது, சாரல். அப்படியே வெட்டி வைத்துக் கட்டி முடித்து மெக்கர் (மின்காப்பைச் சோதிக்கும் மீட்டர்) போட்டால் முள் பூஜ்யம் பக்கத்தில் படுத்துக் கிடக்கிறது. எங்கேயோ கம்பி உரசிவிட்டது என்று முழுசையும் பிரிக்கப் போனேன். என் குரு அப்போது உயிரோடு இருந்தார். "பிரிக்காதே, அடுப்பில் வை" என்றார். ராத்திரி முழுக்க ஓவனில் வைத்துக் காலையில் மெக்கர் போட்டால் முள் மேலே போய் நிற்கிறது. அதற்கப்புறம்தான் வார்னிஷ். ஈரத்தோடு வார்னிஷ் போட்டிருந்தால் அந்த ஈரத்தை உள்ளேயே வைத்துப் பூட்டியிருப்பேன்.

---

புது_டெக் · நவம்பர் 13, காலை 9:12

ஃப்யூஸ் விஷயம் எனக்குத் தெரியாது. வாபஸ் வாங்குகிறேன். ஆனால் கடையில் "ஃபைபர் ஷீட்" என்று கேட்டால் ஒருவர் கிளாஸ் ஃபைபர் தருகிறார், இன்னொருவர் ஹைலம் தருகிறார், இன்னொருவர் பாத்ரூம் கதவு காட்டுகிறார். எப்படி அடையாளம் காண்பது?

---

கம்பிமேல்_காக்கை · நவம்பர் 13, காலை 10:40

ஒரு சின்னத் துண்டை இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். வல்கனைஸ்டு ஃபைபர் என்றால் எரிந்த காகித வாசனை, சாம்பல். ஹைலம் என்றால் ஆஸ்பத்திரி வாசனை, கார்பாலிக். கிளாஸ் எபாக்ஸி என்றால் ரெசின் எரிந்து வெள்ளைக் கண்ணாடித் துணி மிஞ்சும்.

கொளுத்த மனமில்லை என்றால் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு மறுநாள் பாருங்கள். ஊறிக் கனத்து, தடித்து, வளையக் கொடுத்தால் நம் ஆள். நீள அகலத்தைவிடத் தடிமன்தான் அதிகம் ஊதும். சாம்பல், கறுப்பு, சிவப்பு, வெள்ளை எந்த நிறத்திலும் வரும், நிறத்தை நம்பாதீர்கள்.

---

டிராக்டர்_செல்வம் · நவம்பர் 13, பிற்பகல் 1:05

சிவப்பு வாஷர்! டீசல் லைன் போல்ட்டுக்கு வைக்கிற சிவப்பு ஃபைபர் வாஷர் இதுதானா? இருபது வருஷமாக மாட்டுகிறேன், பெயர் இன்றைக்குத்தான் தெரியும்.

டீசல், ஆயில், பெட்ரோல் அதை ஒன்றும் செய்யாது. தண்ணீர்க் குழாயில் வைத்தால் ஊறித் தானே இறுக்கிக்கொள்ளும். ஒரு தடவை கழற்றினால் புதுசு போடுங்கள், அமுங்கின வாஷர் மறுபடி பிடிக்காது. சைலன்சர் பக்கம், சூடான இடத்தில் வைக்காதீர்கள், கருகிப் பொடியாகும். பேட்டரி ஆசிட் படுகிற இடத்திலும் வேண்டாம்.

---

செல்பேக் · நவம்பர் 13, மாலை 4:50

"பழைய சாமான்" என்றவருக்கு: உங்கள் மின்சார ஸ்கூட்டர் பேட்டரியைத் திறந்து பாருங்கள். 18650 என்ற லித்தியம் செல்லின் பிளஸ் முனையில் மோதிரம் மாதிரி ஒரு ஸ்டிக்கர் தாள் ஒட்டியிருக்கும். ஆன்லைனில் பார்லி பேப்பர், ஃபிஷ் பேப்பர் என்று விற்கிறார்கள். அது இந்த இனம்தான், மிக மெல்லியது.

பிளஸ் பொத்தானைச் சுற்றி இருக்கும் விளிம்பு மைனஸ். இரண்டுக்கும் நடுவே இடைவெளி ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான், மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் உறை. நிக்கல் பட்டையைப் பிளஸ்ஸில் ஸ்பாட் வெல்டு வைத்தால் பட்டை அந்த விளிம்பைத் தாண்டித்தான் போக வேண்டும். வண்டி குலுங்கக் குலுங்கப் பட்டையின் கூரான ஓரம் பிளாஸ்டிக் உறையை அறுக்கும். அறுத்தால் செல் நேராக ஷார்ட். ஃபிஷ் பேப்பர் வெல்டு சூட்டில் உருகாது, நிக்கல் ஓரத்துக்கு எளிதில் அறுபடாது. மோதிரம் ஒட்டாமல் கட்டிய பேக் ஒன்று என்னிடம் ரிப்பேருக்கு வந்தது. இரண்டு செல்லின் உறை மேல் பட்டை பதிந்த தழும்பு. இன்னும் ஒரு மழைக்கால ரோடு தாங்கியிருக்காது.

---

ஆறுகம்பி · நவம்பர் 13, இரவு 8:20

கொஞ்சம் திசை மாறுகிறேன். எலக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பில் காந்தத் துண்டுகளைப் பிடித்து நிற்கும் மேல் தட்டு, கீழ்த் தட்டு, ஃபெண்டர் பாணி பிக்கப்பில் அதுவும் வல்கனைஸ்டு ஃபைபர். மயிர் மாதிரி கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று அதன் மேல்தான் சுற்றுவோம். கடற்கரை ஊரில் வைத்திருந்த பழைய பிக்கப்பில் கீழ்த் தட்டு வில்லாக வளைந்து உள்ளே கம்பி அறுந்திருக்கும். டிஸ்க் கதை படித்தபோது அது ஞாபகம் வந்தது.

---

நெறியாளர் · நவம்பர் 13, இரவு 8:35

கிட்டார் வரைக்கும் வந்தாயிற்று. அம்பத்தூர்_ஃபேப் கேட்ட கேள்வியை மறந்துவிடாதீர்கள்.

---

பழைய_மில் · நவம்பர் 14, காலை 6:15

நெறியாளர் ஐயா, என்னையும் ஒரு தடவை திசை மாற அனுமதியுங்கள். ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில் மேஸ்திரியாக இருந்தேன். எங்கள் காலத்து ஸ்லைவர் கேன் எல்லாம் இந்த ஃபைபர்தான். கார்டிங்கிலிருந்து வரும் பஞ்சுத் திரி கேனுக்குள் சுருள் சுருளாக இறங்கும். டிராயிங், அப்புறம் சிம்ப்ளெக்ஸ், எங்கே போனாலும் கேனோடு போகும். உள்பக்கம் வழவழவென்று இருக்க வேண்டும், ஒரு பிசிறு இருந்தாலும் திரி மாட்டி அறுந்துவிடும். ஃபைபர் கேன் பழகப் பழக உள்ளே வழவழப்பு ஏறும். பையன்கள் இரும்புத் தள்ளுவண்டியில் இடித்துத் தள்ளினாலும் உடையாது. ஓரம் பிரிந்தால் ரிவெட் அடித்து மறுபடி ஓடவிடுவோம்.

மில்லில் எப்படியும் ஈரப்பதம் ஏற்றித்தான் வைத்திருப்போம், நூல் அறுகாமல் இருக்க. அந்தக் காற்றில் கேனும் சுகமாக இருந்தது, ஸ்டாட்டிக் தொல்லையும் இல்லை. தரை கழுவின தண்ணீர் அடியில் தேங்கினால்தான் வினை, வட்டம் முட்டையாகிவிடும், பிறகு சுருள் சரியாக விழாது. பிளாஸ்டிக் கேன் வந்த பிறகு பழையதையெல்லாம் ஏலம் விட்டார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அழுக்குத் துணி போடுவது அதில்தான்.

தம்பி டிஸ்குக்கு என் யோசனை: உன் ஷெட்டில் ஓடாத பழைய ஃப்ரிட்ஜ் கூடு ஏதாவது இருக்கிறதா? உள்ளே ஒரு குண்டு பல்பு போடு. வெல்டிங் ராடு காய வைக்கிற மாதிரிதான். டிஸ்குகளை மட்டமாக அடுக்கி மேலே இரும்புத் தட்டு வை. அவசரப்படாதே. போன ஈரம் மெதுவாகத்தான் வரும்.

---

துத்தநாகம் · நவம்பர் 14, பகல் 12:30

பலகைக்கு ஊரெல்லாம் புகழ் பாடியாயிற்று, மறுபக்கமும் பதிவாகட்டும். கழுவி எடுத்த துத்தநாகம் எங்கே போனது? டெலவேரில் யார்க்லின் என்ற ஊரில் நேஷனல் வல்கனைஸ்டு ஃபைபர் ஆலை ரெட் கிளே ஓடைக் கரையில் ஓடியது. குளோரைடை மறுபடி செறிவாக்கிப் பயன்படுத்தத்தான் செய்வார்கள், இருந்தும் பல பத்தாண்டுகளில் கசிந்தது மண்ணிலும் நிலத்தடி நீரிலும் ஓடையிலும் சேர்ந்துவிட்டது. 2009-ல் ஆலை மூடியது. பிறகு மாநில அரசு மண்ணிலிருந்தும் நிலத்தடி நீரிலிருந்தும் துத்தநாகத்தைப் பிரித்தெடுக்கும் வேலையில் இறங்கியது. இன்று அந்த இடம் பூங்காவின் பகுதி.

பலகை மக்கும், கரையானும் சாப்பிடும். அதைச் செய்த தொட்டித் தண்ணீர் அப்படி இல்லை.

---

நார்த்_ரைன் · நவம்பர் 14, பிற்பகல் 3:00

உண்மை. நான் வேலை செய்த இடத்தில் கடைசித் தொட்டித் தண்ணீரை அளக்காமல் ஒரு வாளி கூட வெளியே விட ஏலாது. அதற்கென்று ஒரு பெண் இருந்தா, எங்கள் எல்லோரையும் விட அவவுக்குத்தான் அங்கே அதிகாரம்.

---

அம்பத்தூர்_ஃபேப் · டிசம்பர் 19, இரவு 9:48

தாமதத்துக்கு மன்னிக்கவும், பொங்கலுக்கு முன்னால் கேட் ஆர்டர் நெருக்கடி.

பழைய_மில் ஐயா சொன்னபடி செய்தேன். காயலான் கடையில் ஃப்ரிட்ஜ் கூடு, 60 வாட் பல்பு, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று. முதல் ராத்திரி பல்பை அணைக்காமல் தூங்கிவிட்டேன், மேலே தட்டு வைக்கவும் மறந்துவிட்டேன். காலையில் திறந்தால் மீட்டர் 28 சதவீதம், டிஸ்க் எல்லாம் கத்தார்_வெல்டர் அண்ணன் சொன்ன குடை! ஒரே வாரத்தில் கிண்ணத்தையும் குடையையும் பார்த்துவிட்டேன்.

அப்புறம் பல்பைக் காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று வைத்து, மீட்டர் 50-க்கும் 60-க்கும் நடுவில் நிற்கும்படி பழக்கினேன். மேலே 10 மி.மீ. தட்டு. நாலைந்து நாளில் படிந்து வந்தது. 200-ல் 163 மட்டமாகிவிட்டது. 37-ஐத் தூக்கிப் போட்டேன், அதில் 9 நடுத் துளையிலிருந்து கோடு விட்டது, மற்றது நெளிவு போகவில்லை. நல்லதை பேட் வைத்து மாட்டி ஓட்டிப் பார்த்தேன், அதிர்வு இல்லை.

கடைக்காரருக்கும் விளக்கினேன். "ரப்பர்னுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாங்க" என்றார். அவரும் இப்போது டிஸ்க் பெட்டிகளைத் தரையிலிருந்து எடுத்து மரப்பலகை மேல் வைத்திருக்கிறார்.

---

கானாடுகாத்தான் · டிசம்பர் 19, இரவு 10:10

மரப்பலகையா? கரையான்!

---

அம்பத்தூர்_ஃபேப் · டிசம்பர் 19, இரவு 10:14

அவர் கடைக்கு நாளைக்குப் போய்ச் சொல்கிறேன். என் ஃப்ரிட்ஜின் நாலு காலையும் வேப்பெண்ணெய் ஊற்றின டப்பாவில் வைத்தாயிற்று.